சூளைக்குள் போன முகங்கள்

1981 டிசம்பரில் ராபர்ட் ஆர்னெசன் என்ற அமெரிக்கச் சிற்பிக்கு அடுத்தடுத்து இரண்டு அடிகள் விழுந்தன.

முதல் அடி சான் பிரான்சிஸ்கோவில். அந்நகரின் மேயர் ஜார்ஜ் மஸ்கோனியும் நகரவை உறுப்பினர் ஹார்வி மில்க்கும் 1978 நவம்பர் 27 அன்று நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர் அதே அவையில் உறுப்பினராக இருந்து விலகிய டேன் ஒயிட். கொல்லப்பட்ட மேயரின் பெயரில் ஒரு மாநாட்டு மையம் எழுந்தது. அங்கே வைக்க ஒரு மார்பளவுச் சிலை வேண்டும் என்று நகரின் கலை ஆணையம் ஆர்னெசனிடம் கேட்டது. வாய் நிறையச் சிரிக்கும் மஸ்கோனியின் பெரிய தலையை அவர் சுட்ட மண்ணில், பளிச்சென்ற வண்ணங்களில் செய்தார். சிக்கல் தலையில் இல்லை, அதைத் தாங்கிய பீடத்தில் இருந்தது. குண்டு துளைத்த ஓட்டைகள், துப்பாக்கிக் கம்பெனியின் பெயர், ரத்தச் சிவப்பு, கொலை வழக்கில் பெரிதாக அடிபட்ட ஒரு கிரீம் கேக், மேயரின் வாழ்க்கையிலிருந்து கிறுக்கிய வரிகள் என்று பீடம் முழுக்க அந்தக் கொலை இருந்தது. ஆணையம் சிலையை ஏற்க மறுத்தது.

இரண்டாவது அடி நியூயார்க்கில். விட்னி அருங்காட்சியகம் ஆறு செராமிக் சிற்பிகளின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்திருந்தது. ஆர்னெசன் அவர்களில் ஒருவர். நியூயார்க் டைம்ஸ் இதழின் கலை விமர்சகர் ஹில்டன் கிரேமர் அந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதும்போது கலிஃபோர்னியாக்காரர்களின் ரசனையையே கேள்விக்குள்ளாக்கினார். ஆர்னெசனின் வேலை அவருக்கு ஆழமில்லாததாக, ஊர்ப்புறத்துச் சேட்டையாகத் தெரிந்தது.

ஆர்னெசன் பதில் கடிதம் எழுதி ஓயவில்லை. அடுத்த ஆண்டு அவர் தன்னையே செய்தார். 'கலிஃபோர்னியா ஆர்டிஸ்ட்' என்ற அந்தச் சிற்பம் பீடத்தோடு சேர்ந்து ஆளுயரம் நிற்கும். வழுக்கை விழுந்த தலை, தாடி, திறந்து கிடக்கும் ஜீன்ஸ் சட்டை, அதற்குள் தொப்பை தெரியும் வெற்று உடம்பு, மார்புக்குக் குறுக்கே கட்டிய கைகள். பீடத்தில் பீர் பாட்டில், கஞ்சாச் செடி. நியூயார்க்காரர்கள் கலிஃபோர்னியாவைப் பற்றி என்னென்ன நினைத்தார்களோ அத்தனையையும் அவர் தன் மேல் ஏற்றிக்கொண்டார். கறுப்புக் கண்ணாடியின் வில்லைகள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகள். அவற்றின் வழியே எட்டிப் பார்த்தால் தலைக்குள்ளே ஒன்றுமில்லை.

அந்த வெற்றுத் தலையைப் பார்த்தவுடன் சிரிப்பு வரும். சற்று நேரம் நின்று பார்த்தால் சிரிப்பு இறங்கிவிடும். ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர், தன்னைப் பற்றி ஊர் சொன்ன மிகக் கேவலமான வார்த்தையைத் தன் உடம்பிலேயே எழுதி, நடுக்கூடத்தில் நிறுத்தியிருக்கிறார். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதால் திமிராகத் தெரியும் அந்த உருவம், அடிபட்ட ஒருவர் தன் காயத்தை மறைக்காமல் காட்டும் முறையும்தான்.

ஆர்னெசனுக்கு இது புதிய பழக்கமல்ல. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அவர் திரும்பத் திரும்பத் தன் முகத்தைச் செய்துகொண்டிருந்தார். 1972ல் செய்த ஒரு சிற்பத்தில், செங்கல்லால் கட்டிய அவருடைய பிரம்மாண்டமான தலை இடிந்து சரிந்து தரையில் கிடக்கிறது. அழிந்துபோன ஏதோ பேரரசின் மன்னன் சிலை போலத் தோன்றும் அதற்கு 'மேற்கத்திய நாகரிகத்தின் ஒரு துண்டு' என்று பெயர் வைத்தார். அதே ஆண்டு கொலையுண்ட கலைஞனாகவும் தன்னையே செய்தார். நாக்கை நீட்டும் ஆர்னெசன், விசிலடிக்கும் ஆர்னெசன், நீரில் நீந்தும் ஆர்னெசன் என்று வரிசை நீண்டது. இவற்றை விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் பலர்.

1975ல் அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அதன்பின் அவர் வாழ்ந்த பதினேழு ஆண்டுகளும் நோய் வருவதும் போவதுமாகவே கழிந்தன. வாழ்க்கையின் கடைசி ஆண்டான 1992ல் சிகிச்சைக் காலத்துத் தன் தலையை அவர் சிற்பங்களாக்கினார். அவற்றுக்கு வைத்த பெயர்கள் 'கீமோ 1', 'கீமோ 2'. அந்த நவம்பரில் பெனிஷியாவில், தான் பிறந்த ஊரிலேயே இறந்தார். முன்பு விளையாட்டு என்று தோன்றிய அத்தனை முகங்களையும் இந்தக் கடைசித் தலைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது: இருபது ஆண்டுகளாக அவர் தன் முகத்தின் மீது பயிற்சி எடுத்திருக்கிறார். இடிவது, தோற்பது, கேலிக்கு ஆளாவது, மூச்சு நிற்பது எல்லாவற்றையும் மண்ணில் ஒருமுறை செய்து பார்த்தவரால்தான் கீமோவையும் அதே நேர்ப்பார்வையோடு பார்க்க முடிந்தது.

மண் ஏன்?

தன்னைப் பற்றிச் சொல்ல ஒருவருக்கு எத்தனையோ வழிகள் உண்டு. ஓவியம் வரையலாம், வெண்கலத்தில் வார்க்கலாம், கல்லில் செதுக்கலாம். பலவீனத்தையும் மாற்றத்தையும் பேச வந்த பல சிற்பிகள் மண்ணிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உணர்ச்சி மட்டுமல்ல, மண் நடந்துகொள்ளும் விதமும்தான்.

வெண்கலச் சிலை செய்பவரும் முதலில் களிமண்ணில்தான் உருவத்தைப் பிடிக்கிறார். அச்சு எடுத்த பிறகு அந்தக் களிமண்ணைக் கலைத்துத் தொட்டியில் போட்டுவிடுகிறார். விரல் பட்ட முதல் உருவம் அதோடு போய்விடும், மிஞ்சுவது அதன் நகல். சுட்ட மண் சிற்பத்தில் அந்த முதல் உருவமே கடைசி உருவம். அழுத்திய கட்டைவிரலின் ரேகை, தயங்கித் தடவிய இடம், கோபத்தில் கீறிய கோடு எல்லாம் அப்படியே சூளைக்குள் போகின்றன.

ஆனால் போனது போனபடி வெளியே வருவதில்லை. ஈரமாகப் பிடித்த ஒரு தலை காய்ந்து, வெந்து முடிவதற்குள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். மெல்லிய காது சீக்கிரம் காயும், தடித்த கழுத்து தாமதமாகக் காயும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கினால் நடுவில் விரிசல். தடித்த சுவருக்குள் ஈரம் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும், 100 டிகிரியில் அது நீராவியாகி உருவத்தையே வெடிக்கச் செய்யும். அதனால்தான் முழுக்கட்டியாகப் பிடித்த உருவத்தை வெட்டிப் பிளந்து, உள்ளே குடைந்து, மீண்டும் ஒட்டுகிறார்கள். சூளையில் 573 டிகிரி செல்சியஸ் வந்ததும் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகங்கள் சட்டென விரியும். ஆறும்போது அதே புள்ளியில் சுருங்கும். அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் உருவம் பிளந்துவிடும். 600 டிகிரியைத் தாண்டிவிட்ட மண்ணை எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி குழைக்க முடியாது. மேலே பூசும் கிளேஸின் நிறமும் பூசும்போது தெரியாது. சாம்பல் நிறத்தில் பூசியது நீலமாக வருமா, பழுப்பாக வருமா என்பது சூளையைத் திறக்கும்போதுதான் தெரியும்.

செய்தவரின் கட்டுப்பாட்டை மீறிய இத்தனை கட்டங்கள் இந்தக் கலைக்குள் இருக்கின்றன. உடலும் அப்படித்தானே மாறுகிறது? மூப்பு, நோய், பிரசவம், துக்கம் எதுவும் நம்மிடம் அனுமதி கேட்டு வருவதில்லை. மாற்றத்தைப் படமாகக் காட்டும் கலைகள் உண்டு. சுட்ட மண் உருவம் தானே மாறி, திரும்ப முடியாத ஒரு கோட்டைக் கடந்து வந்தது. பார்ப்பவருக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கை தவறினால் இது சில்லுகளாகிவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவோடுதான் நாம் அதன் முன் நிற்கிறோம்.

மனிதர்கள் முதன்முதலில் நெருப்பில் சுட்டது பானையை என்றே பலரும் நினைக்கிறோம். தொல்லியல் வேறு கதை சொல்கிறது. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில், டோல்னி வெஸ்தோனிட்ஸே என்ற இடத்தில் 1925ல் ஒரு பெண்ணுருவம் கிடைத்தது. உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். 25,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. இதுவரை கிடைத்த மிகப் பழைய பானையோடுகளைவிட இது மூத்தது. கண்டெடுக்கும்போதே இரண்டு துண்டாகத்தான் கிடந்தது. அதன் முதுகில் ஒரு குழந்தையின் விரல்ரேகை பதிந்திருப்பதைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதே இடத்தில் விலங்கு, மனித உருவங்களின் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பமீலா வாண்டிவர் குழுவினர் 1989ல் அவற்றை ஆராய்ந்து, பல உருவங்கள் நெருப்பின் அதிர்ச்சியில் வெடித்தவை என்று காட்டினார்கள். ஈரம் காயாமலே, வெடிக்கட்டும் என்றே நெருப்பில் போட்டிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் மண்ணில் ஓர் உடலைப் பிடித்து, அதை நெருப்பிடம் கொடுத்து, என்ன ஆகிறது என்று காத்திருக்கும் செயல் பானை செய்வதைவிடப் பழையது என்பதில் சந்தேகமில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் செயல் இன்றும் நடக்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் பிள்ளை வரம் கேட்டவர்கள், பிள்ளையின் நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் கோயிலுக்கு மதலை எடுக்கிறார்கள். மதலை என்பது ஊர்க் குயவரான வேளார் செய்து தரும் குழந்தை உருவம். ஐயனாருக்குப் புரவி எடுப்பதற்கு முன் ஊரார் பிடிமண் கொடுக்க, அந்த மண்ணைச் சேர்த்துக் குழைத்து வேளார் வேலையைத் தொடங்குகிறார். குதிரையின் கால்களை உருளைகளாக எழுப்பி, அவை இறுகிய பின் வயிற்றை ஏற்றி, கடைசியில் தலையை வைக்கிறார். எல்லாமே உள்ளே வெற்றிடம் விட்டுத்தான். மண்ணோடு மணலும் உமியும் சேர்ப்பது விரிசலைத் தடுக்க. கலிஃபோர்னியாச் சிற்பி இதற்கே சுட்ட மண்ணைப் பொடித்துக் கலக்கிறார். வெயிலிலும் மழையிலும் நின்று மதலைகளும் புரவிகளும் சிதைவதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, அடுத்த எடுப்புக்குப் புதியவை வந்துவிடும். ஒரு தாயின் பயமும் நிம்மதியும் அந்த உருவத்தில் இருக்கின்றன. ஆனால் அவள் பெயர் அதில் இல்லை, வேளாரின் பெயரும் இல்லை. ஆர்னெசன் போன்றவர்கள் செய்தது, அந்தப் பயத்துக்குத் தங்கள் சொந்த முகத்தையும் பெயரையும் கொடுத்தது.

பாட்டிமார்களின் உயரம்

ஆர்னெசனைவிட மூன்று வயது இளையவர் வயோலா ஃப்ரே. அவரும் கலிஃபோர்னியாக்காரர்தான். லோடை என்ற ஊரில், திராட்சைத் தோட்டக் குடும்பத்தில் 1933ல் பிறந்தவர். தகப்பனார் உடைந்த இயந்திரங்களையும் பழைய சாமான்களையும் வீட்டைச் சுற்றிக் குவித்துவைக்கும் மனிதர். மகளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பழைய சாமான் சந்தைகளில் மலிவான பீங்கான் பொம்மைகளை வாங்கிக் குவித்தார். யாரும் மதிக்காத அந்த அலமாரிப் பொம்மைகளிலிருந்துதான் அவருடைய பிரம்மாண்டமான மனிதர்கள் எழுந்தார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதியில் அவர் பாட்டிமார்களைச் செய்யத் தொடங்கினார். பூப்போட்ட கவுன், தொப்பி, கைகளைத் தொங்கவிட்டு நிற்கும் கிழவிகள். பார்ப்பவரைவிட உயரமானவர்கள். காலம் போகப் போக உருவங்கள் இன்னும் வளர்ந்து, பத்து அடியையும் தாண்டின. வீட்டில் யாருடைய கண்ணிலும் படாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவளை அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலைக்குப் பார்வையாளர்கள் தள்ளப்பட்டார்கள். அவர் செய்த கோட்டு சூட்டு ஆண்கள் இன்னொரு வகை. அதிகாரத்தின் உடையில் நின்றாலும் அவர்கள் முகத்தில் குழப்பம். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள்.

இவ்வளவு பெரிய உருவம் எந்தச் சூளைக்குள்ளும் ஒரே தடவையில் போகாது. ஃப்ரே முழு உருவத்தையும் ஈர மண்ணில் எழுப்பி, பிறகு அதைக் குறுக்கே பல துண்டுகளாக அறுப்பார். துண்டுகள் மாதக்கணக்கில் காயும். தனித்தனியாகச் சுட்டு, வண்ணம் பூசி, மறுபடி சுட்டு, கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார். அறுத்த கோடுகளை அவர் மறைக்கவில்லை. இடுப்பிலும் முழங்காலிலும் மார்பிலும் அவை வெளிப்படையாக ஓடுகின்றன. அந்தப் பாட்டியின் கம்பீரம் எட்டுப் பத்துத் துண்டுகளைச் சேர்த்துவைத்த கம்பீரம். அறுவைச் சிகிச்சைத் தழும்பு உள்ள எவருக்கும் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் விளங்கிவிடும்.

பிற்காலத்தில் பக்கவாதம் அவரைப் பலமுறை தாக்கியது. ஏணியில் ஏறி மண் அப்பியவர் சக்கர நாற்காலிக்கு வந்தார். வேலையை நிறுத்தவில்லை. உதவியாளர்களின் கைகளைச் சேர்த்துக்கொண்டு, ஓக்லண்டிலிருந்த பட்டறைக்குத் தொடர்ந்து வந்தார். 2004 ஜூலையில் புற்றுநோயால் இறந்தார். அந்த ஆண்டு அவர் முடித்த ஒரு பெண்ணுருவத்தின் பெயர் 'பிடிவாதக்காரி, ஆரஞ்சுக் கைகள்'.

ஜெர்மனியின் ஹாலே நகரில் வேறொரு பெண் இதே காலத்தில் இன்னும் சிறிய அளவில், இன்னும் கடுமையாக வேலை செய்துகொண்டிருந்தார். கெர்ட்ராவுட் மோவால்ட், 1929ல் டிரெஸ்டனில் பிறந்தவர். அவருடைய இளமைப்பருவத்திலேயே 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் அந்நகரம் தரைமட்டமானது. ஹாலேயின் புர்க் கீபிஷென்ஸ்டைன் கலைப்பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தார். அவர் செய்த தலைகளில் கன்னத்திலும் நெற்றியிலும் உடைந்த பீங்கான் சில்லுகள் புதைந்திருக்கும். தட்டின் விளிம்பு, கோப்பையின் பிடி, ஏற்கெனவே சுட்டு உடைந்த தன்னுடைய பழைய பாத்திரத்தின் துண்டு. சில்லுகளுக்கு நடுவே ஈர மண்ணை அழுத்தி மீண்டும் சுட்டால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் விரிசல் விழும், அவரும் அதை எதிர்பார்த்தே செய்தார். போருக்குப் பிந்தைய கிழக்கு ஜெர்மனியில், தொழிலாளிகளையும் தலைவர்களையும் முழு ஆரோக்கியத்தோடு சிலை வைத்த ஒரு நாட்டில், இப்படிப் பொருக்குத் தட்டிய முகங்களைச் செய்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

புதுச்சேரி வழி

இந்தியாவில் ஸ்டுடியோ செராமிக் பெரும்பாலும் பாத்திரத்தின் வழியாக வளர்ந்தது. 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் கற்றவர், மீக்கர் கலிஃபோர்னியாவில். அங்கே உருவான, உயர் சூட்டில் சுட்ட ஸ்டோன்வேர் தட்டுகளும் கோப்பைகளும் இன்று 'பாண்டிச்சேரி பாட்டரி' என்று நாடெங்கும் அறியப்படுகின்றன. அங்கே பயின்றவர்கள் ஒரு தலைமுறையையே உருவாக்கினார்கள். மனித உருவத்தைச் சுமக்கும் வேலை இந்த ஓடையில் மெதுவாகத்தான் வந்தது. கேரளத்தில் பிறந்து போபாலின் பாரத் பவனில் நெடுங்காலம் பணியாற்றிய ஜி. ரெகு அதற்கு ஒரு விதிவிலக்கு. குந்தி உட்கார்ந்த, உறக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே இருக்கும் அவருடைய கிராமத்து மனிதர்கள் நம் நாட்டுச் செராமிக் சிற்பத்தில் மிக மென்மையானவர்கள். 2018ல் ஜெய்ப்பூரின் ஜவஹர் கலா கேந்திராவில் இந்தியச் செராமிக் டிரியன்னாலே கண்காட்சி முதன்முறையாக நடந்தபோது, பாத்திரத்தின் எல்லையைத் தாண்டிய இளைய சிற்பிகள் எத்தனை பேர் என்பது பொதுமக்களுக்குத் தெரியவந்தது.

தன் நோயை, தன் முதுமையை, தன் வெட்கத்தை முகம் காட்டிச் செய்யும் சிற்பம் நம்மிடம் இன்னும் குறைவு. அதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. புற்றுநோய் வந்ததைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லவே தயங்கும் சமூகத்தில், அதைச் சிலையாக்கிக் கூடத்தில் வைப்பது எளிதல்ல.

குனிந்தவர்கள்

அகியோ தகாமோரியின் கதை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. தன் பலவீனத்தைச் சொல்வதற்குத் தன் முகத்தைத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று காட்டியவர் அவர்.

தகாமோரி 1950ல் ஜப்பானின் கியூஷு தீவில், நொபேயோகா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மருத்துவர். சிகிச்சைக்கு வந்த எல்லா விதமான மனிதர்களையும் அவர்களுடைய உடல்களையும் பார்த்துச் சிறுவன் வளர்ந்தான். அப்பாவின் அலமாரியில் உடற்கூற்றுப் புத்தகங்களும் ஓவியப் புத்தகங்களும் அருகருகே இருந்தன. டோக்கியோவில் கலைப்படிப்பு, பிறகு கொய்ஷிவாராவில் ஒரு மரபுக் குயவரிடம் தொழில் பழகல். ஒரே மாதிரிப் பாத்திரத்தை ஓயாமல் செய்யும் கட்டுப்பாட்டை அங்கே கற்றார். அந்தப் பட்டறைக்கு வந்த அமெரிக்கக் குயவர் கென் ஃபெர்கூசன் அழைக்க, 1974ல் கான்சாஸ் சிட்டிக்குப் படிக்கப் போனார். பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஆல்ஃபிரெட்டில் மேற்படிப்பு. 1993 முதல் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

அவருக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்தவை கடித உறை வடிவிலான ஜாடிகள். இரண்டு மண் தகடுகளை விளிம்பில் சேர்த்து, வாயைத் திறந்துவிட்ட தட்டையான பாத்திரம். வெளிப்புறத்தில் ஒரு ஆணோ பெண்ணோ இருப்பார். விளிம்புக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தால் வேறொருவர் தெரிவார். தழுவிக்கொண்ட இருவர், தாயும் பிள்ளையும், படுக்கையில் கிடப்பவர்கள். மனிதர்கள் மிக நெருக்கமாக, கவசமே இல்லாமல் இருக்கும் நேரங்களை அவர் பாத்திரத்தின் உள்ளும் புறமுமாகப் பிரித்து வரைந்தார்.

1996ல் நெதர்லாந்தின் ஐரோப்பியச் செராமிக் மையத்தில் தங்கி வேலை செய்தபோது அவர் பாத்திரத்தை விட்டு நகர்ந்தார். தனித்து நிற்கும் மனிதர்கள் பிறந்தார்கள். எல்லோரும் நொபேயோகாவின் மனிதர்கள். பிள்ளையை முதுகில் கட்டிய பெண், பள்ளிச் சிறுவன், கூன் விழுந்த கிழவி, கடைக்காரர். புகைப்படத்தைப் பார்த்துச் செய்யவில்லை, நினைவிலிருந்து செய்தார். மண்ணை உருட்டி எழுப்பிய பின், முகத்தையும் சட்டை மடிப்பையும் தூரிகையால் வரைந்தார். அதனால் அருகில் போனால் சிற்பம், எட்டி நின்றால் மை ஓவியம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் வாழ்ந்துவிட்ட ஒருவர், திரும்பிப் போக முடியாத ஒரு தெருவைத் தரையில் கூட்டமாக நிறுத்தினார். யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ விட்டு வந்து ரொறன்ரோவில் குளிர்காலம் கழிக்கும் ஒருவருக்கு இந்தக் கூட்டத்தை விளக்க வேண்டியதில்லை.

வரலாறும் அவர் சிற்பங்களுக்குள் மெல்ல வந்தது. 1945 செப்டம்பரில் எடுத்த ஒரு புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. இடுப்பில் கைவைத்து அலட்சியமாக நிற்கும் உயரமான அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், அவர் பக்கத்தில் சம்பிரதாய உடையில் விறைப்பாக நிற்கும் குள்ளமான பேரரசர் ஹிரோஹிட்டோ. தோற்ற நாட்டில், அந்தப் படம் எடுத்து ஐந்தாண்டுகளுக்குப் பின் பிறந்த தகாமோரி அவ்விருவரையும் மண்ணில் செய்தார். அவர் கைபட்டதும் இருவருமே அவருடைய ஊர்க் கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக ஆகிவிட்டார்கள். வென்றவரின் உடலிலும் தோற்றவரின் உடலிலும் ஒரே கூச்சம்.

பின்னர் அவருக்குக் கணையப் புற்றுநோய். 2017 ஜனவரி 11 அன்று, 66ஆம் வயதில் இறந்தார். அதே குளிர்காலத்தில் சியாட்டிலில் அவருடைய கடைசி வேலைகள் காட்சிக்கு வந்தன. கண்காட்சியின் பெயர் 'மன்னிப்பு/வருத்தம்'.

நோயுற்ற தன் உடலை அவர் செய்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் செய்தது மன்னிப்புக் கேட்கும் ஆண்களை. கோட்டு சூட்டு அணிந்து, கேமராக்களின் முன் தலைகுனியும் மனிதர்கள். ஜப்பானில் நிறுவனத் தலைவர்களும் அரசியல்வாதிகளும் இப்படி வரிசையாகக் குனிந்து நிற்பது செய்திகளில் அடிக்கடி வரும் காட்சி. அது மனதிலிருந்து வருகிறதா, வழக்கத்துக்குச் செய்கிறார்களா என்று பார்ப்பவர் சந்தேகப்படுவதும் வழக்கம். அவர்களோடு வில்லி பிராண்ட்டும் இருந்தார். மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சரான பிராண்ட் 1970 டிசம்பர் 7 அன்று வார்சாவில், யூதர்கள் அடைக்கப்பட்டு, எழுந்து போராடி மடிந்த கெட்டோவின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தபின் திடீரென முழங்காலிட்டார். நாஜிகளை எதிர்த்து நாட்டைவிட்டே ஓடியவர் அவர், அந்தக் குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. ஆனாலும் மண்டியிட்டார்.

சாகப் போகிற ஒருவர் எதற்காக இன்னொருவரின் மன்னிப்பைச் செய்துகொண்டிருந்தார்? இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் சிற்பங்களைப் பார்க்கும்போது ஒன்று தோன்றுகிறது. உடல் மெலிவதும் முடி உதிர்வதும் நமக்கு நேர்பவை, நாம் தேர்ந்தெடுப்பவை அல்ல. தலைகுனிவது ஒருவர் தானே தேர்ந்தெடுக்கும் பலவீனம். அதிகாரத்தில் இருக்கும் ஆண், பலர் பார்க்க, தான் தவறியதை உடம்பால் ஒப்புக்கொள்கிற அந்த ஒரு நொடியில் அவன் கவசம் கழன்று விழுகிறது. தகாமோரி வாழ்நாள் முழுக்கத் தேடியது அந்த நொடியைத்தான். ஜாடிக்குள் தழுவிக்கொண்டவர்களிடமும் அதுவே இருந்தது, பேரரசரின் விறைப்புக்குள்ளும் அதுவே இருந்தது. நோய் வந்த பிறகு அவர் அதை வேறெங்கும் சிதறவிடாமல் நேரே செய்தார். ஆர்னெசனின் 'கீமோ' தலைகள் ஒரு மனிதரின் முடிவைக் காட்டுகின்றன, இவை தகாமோரி கிளம்புவதற்கு முன் கேட்க நினைத்த கேள்வியைக் காட்டுகின்றன. இரண்டில் இந்தக் குனிந்தவர்களே கூடுதலாக மனதைப் பிடிப்பவர்கள். அவர்கள் முன் நிற்பவர் இரக்கப்பட்டு நகர்ந்துவிட முடியாது. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சூளைக்குத் தெரிந்த ஒரு செய்தியும் இதில் உண்டு. ஸ்டோன்வேர் மண் 1200 டிகிரியை நெருங்கும்போது சற்றே இளகும். நேராக நிற்கும் உருவத்தின் எடை பாதங்களுக்கு நேர்கீழே இறங்குவதால் அது தப்பிவிடும். மண்டியிட்ட உருவத்துக்கு அகன்ற அடித்தளம் இருக்கிறது, அதைச் சுடுவது இன்னும் எளிது. இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து நிற்கும் உருவத்தின் எடை முழுவதும் முன்பக்கம் சாய்ந்திருக்கும். முட்டுக் கொடுக்காவிட்டால், சுவரின் கனத்தைச் சரியாகக் கணக்கிடாவிட்டால், சூட்டில் அது மேலும் வளைந்து முகம் தரையில் மோதும். எவ்வளவு குனிந்தால் உருவம் விழாமல் நிற்கும் என்பதைச் சிற்பி ஒவ்வொரு உருவத்துக்கும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டும்.